மனசு மாத்திரை சாப்பிடுறவங்க வயித்து வலியையும் கேளுங்க

சித்தியின் ஆஸ்பத்திரி நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை. அதற்குப் பிறகு பதினோரு பக்கத்திலும் அதே மாத்திரை, அடுத்த மாதத் தேதி. நடுவில் இரண்டு இடத்தில் மலச்சிக்கல் என்று இருக்கிறது, பக்கத்திலேயே மலம் இளகுவதற்கு ஒரு மருந்து. எடை என்று ஒரு பக்கத்திலும் இல்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் சித்தி. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில், அங்கே பதுளையிலிருந்து எட்டு வயதில் கப்பலேறி வந்தவர். சித்தப்பா போன பிறகு தூக்கமில்லை, பேச்சில்லை, லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மாத்திரை நன்றாகவே கேட்டது. மூன்று மாதத்தில் மறுபடி கூடையைத் தூக்கினார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மனசுக்கான மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த வருடம் உடம்பு அசதி, பசியில்லை, வயிறு கட்டிக்கொள்கிறது என்று டாக்டரிடம் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. அசதியா, மனச்சோர்வில் அப்படித்தான் இருக்கும். பசியில்லையா, அதுவும் அதில்தான். மலச்சிக்கலா, மாத்திரையால் வருவது. எதுவும் பொய்யில்லை. சித்திக்குக் கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரை சாப்பிட்டால் மலச்சிக்கல் வரும்தான். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. "வயிறு ஒரு பக்கமா இழுக்குதுங்க டாக்டர்" என்று சித்தி சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். "மனசுல எதையும் போட்டுக்காதீங்கம்மா" என்று பதில் வந்தது. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு சித்தி சொல்வதையே விட்டுவிட்டார். "சொன்னா மறுபடியும் மனசுதான்னு சொல்லப்போறாங்க, விடு பாப்பா."

தோட்டத்து எடை நோட்டை நான் பிறகுதான் பார்த்தேன். நாளுக்கு 40 கிலோ பறித்த கை. ஆடியில் 31. ஐப்பசியில் 22. பக்கத்து நிரையில் பறித்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். கொழுந்தை தினமும் நிறுத்தார்கள். சித்தியை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, நான் உட்பட.

கடைசியில் எடை போடும் இடத்திலேயே மயங்கி விழுந்தார். ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், 6.4. மாதவிடாய் நின்று பல வருடமான ஒரு பெண்ணுக்கு ரத்தம் இவ்வளவு குறைந்தால் குடலில் எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று கோயம்புத்தூரில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். கேமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரல் வரை போய்விட்டது. ஏழு மாதம் இருந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "கவலையை உள்ளேயே வச்சு வச்சு கேன்சராக்கிட்டா" என்றார்கள். அந்தப் பேச்சை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. செத்தவர் மேலேயே பழி.

2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் 1,63,363 பேரைச் சராசரியாக ஒன்பதரை வருடம் கவனித்திருக்கிறார்கள். மன உளைச்சல் அதிகமாக இருந்தவர்களிடம் புற்றுநோய் மரண விகிதம் மற்றவர்களைவிட 32 சதவீதம் அதிகம். புகை, குடி, உடல் எடை, சமூகப் பொருளாதார நிலை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் இந்த அளவு. கவலைதான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. மனம் சோர்ந்தவர் பரிசோதனைக்குப் போவது குறைகிறது. போனாலும் உடம்பைப் பற்றி அவர் சொல்வது டாக்டர் காதில் விழுவதில்லை. சிகிச்சையைப் பாதியில் விடுகிறார். கண்டுபிடிக்காத நோயே முதலில் சோர்வாகக் காட்டுவதும் உண்டு. இந்த நாலில் மூன்றை சித்தியிடம் என் கண்ணாலேயே பார்த்தேன்.

இன்னொரு கணக்கு. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பிரச்சினை உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. சித்தி மிச்சமிருந்த 15இல் ஒருவர். மழையோ பனியோ, மாதம் தவறாமல் பஸ் பிடித்துப் போய் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்தவர். வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை ஒரு மருத்துவர் கண்ணில் படுகிறவருக்கே இப்படி என்றால் எப்படி?

டாக்டர்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கிறவருக்கு ஒவ்வொருவரின் வயிற்றையும் தொட்டுப் பார்க்க நேரமிருக்காது என்பதும் தெரியும். அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். மனநலப் பிரிவு வாசலில் ஓர் எடை மெஷின். மாத்திரை வாங்க வருகிறவரின் எடை மாதாமாதம் நோட்டில் ஏறட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இலிருந்து பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வருகிறது. வருகிறவர் "மலத்துல ரத்தம் போகுதா, மார்புல கட்டி இருக்கா, வெள்ளைப்படுதா" என்று மனசு மாத்திரை சாப்பிடும் வீட்டில் கூடுதலாகக் கேட்கட்டும்.

சொந்தக்காரர்களுக்கும் ஒன்று. புற்றுநோய் என்று தெரிந்ததும் நாங்கள் செய்த முதல் தப்பு, மனசு மாத்திரையை நிறுத்தியது. "இனிமே எதுக்கு அது" என்று மாமா எடுத்து வைத்துவிட்டார், நானும் பேசாமல் இருந்தேன். மூன்றாவது வாரம் பழைய இருட்டு திரும்பி வந்தது. இரண்டாவது கீமோவுக்கு மேட்டுப்பாளையம் வரை இறங்கிய பிறகு, "என்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடு சாமி" என்று அழுதார். திரும்பிவிட்டோம். அடுத்த ஊசிக்கு வரவே இல்லை.

எங்கள் லைனில் இன்னொரு அக்கா போன வருடத்திலிருந்து அதே மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் "பாவாடை நாடா ரெண்டு சுத்து வருது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வியாழக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது, வயிறு எப்படி, மலம் எப்படி என்று ஒரு தாளில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறேன்.