நிறத்தைப் பார்த்து ஆயில் ஊற்றாதீர்கள்

ஆட்டோமேட்டிக் கார்களுக்கு 'சிவப்பாக இருந்தால் எந்த கியர் ஆயிலும் சரிதான்' என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருப்பது ஆபத்தான அறிவுரை. என் 2005 கொரோலா ஆட்டோமேட்டிக்குக்கு உரியது டொயோட்டா டைப் டி-4 என்ற கியர் ஆயில். ஒரு பணிமனையில் 'இது புதியது, இன்னும் நல்லது' என்று டபிள்யூ.எஸ். என்ற டொயோட்டாவின் வேறொரு கியர் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். அதுவும் சிவப்புதான், ஆனால் பாகுத்தன்மை குறைவு. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றாகப் பயன்படுத்தக் கூடாதென்று டொயோட்டாவே சொல்கிறது. கியர் மாறும்போதெல்லாம் வண்டி குலுங்கியது.

வடிகால் திருகைக் கழற்றினால் பாதி ஆயில்கூட வராது, மீதி டார்க் கன்வெர்ட்டரிலேயே (என்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பெட்டிக்குக் கடத்தும் பாகம்) தங்கிவிடும். அதனால், இடையிடையே ஓட்டி, மூன்று முறை வடித்து டி-4 நிரப்பிய பிறகே சரியானது. பழைய வண்டி வைத்திருப்பவர்களே, கையேட்டைப் பாருங்கள். அது தொலைந்திருந்தால் கியர் ஆயில் அளவுகோலைத் துடைத்துப் பாருங்கள். என் வண்டியில் ஆயிலின் பெயர் அதிலேயே பொறிக்கப்பட்டிருந்தது.