துப்பாக்கிக் கட்டையில் ரப்பர் இருந்தால் உதை குறையுமா?

"ஜங்கிள் கார்பைனில் கட்டையின் முனையில் ரப்பர் பட்டை இருக்கு, அதனால் நம்பர் 4 ரைஃபிளை விட உதை (சுட்டதும் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பது) குறைவு. எந்த ஸ்கோப்பையும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிள் சுமார் 4 கிலோ. அதைக் குறுக்கி, இரும்பைச் செதுக்கி எடை குறைத்ததுதான் 1944-இல் வந்த நம்பர் 5, அதாவது ஜங்கிள் கார்பைன், சுமார் 3.2 கிலோ. தோட்டா இரண்டுக்கும் அதே .303 அங்குலத் தோட்டா (நம்ம ஊர் போலீஸ்காரர் தோளில் பார்த்தோமே, அந்தத் துப்பாக்கியின் தோட்டா). துப்பாக்கி இலேசானால் பின்னால் வரும் வேகம் கூடும். உதையின் ஆற்றல் ஏறத்தாழ கால் பங்கு அதிகம். அந்த ரப்பரும் குறுகலானது, முழுக் கட்டையின் அகலத்துக்கு இல்லை. தோளில் சின்ன இடத்தில் மொத்த உதையும் இறங்கும். போதாததற்கு, இத்தனை வருடத்தில் அது கல் மாதிரி இறுகியிருக்கும். புது ரப்பர் உறை ஒன்றைக் கட்டையில் மாட்டிக்கொண்டு, தோள் குழியில் இறுக்கி அணைத்துச் சுடுங்கள்.

ஸ்கோப் விஷயத்தில், கண்ணுக்கும் ஸ்கோப்பின் கண்ணாடிக்கும் 8, 9 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். குறைந்தால் உதையில் ஸ்கோப் இடித்துப் புருவம் கிழியும். ஸ்கோப் உயரத்தில் உட்காருவதால் கன்னம் சாய ஒரு தாங்கலும் வேண்டும். போர்க்கால நம்பர் 4 (டி) ஸ்னைப்பர் ரைஃபிளில் அதற்காகவே மரத்துண்டைத் திருகி வைத்தார்கள். அப்புறம், பழைய துப்பாக்கியில் துளை மட்டும் போடாதீர்கள். துளையில்லாமல் ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட் (தாங்கி) கிடைக்கிறது.