மேல வர்ற தண்ணிக்கு என்ன கணக்கு?

போர் போடுற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில இருபது வருசம் ஓடின மச்சான் போன ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்திருந்தாரு. டெல்டாவுல ஷேல் கேஸ் (ஷேல்ங்கிற களிமண் பாறைய உடைச்சு எடுக்குற கேஸ்) வேண்டாம்னு நடந்த போராட்டத்தப் பத்திப் பேச்சு திரும்புச்சு. "பாறைய உடைக்கிறதுல என்ன மாப்ள இருக்குது? உன்ற போர்லயே உடைச்சமே"ன்னாரு.

உடைச்சது நிசந்தான். 700 அடி போர்ல தண்ணி இறங்கிப்போச்சுன்னு தண்ணிய அழுத்திப் பாறைய உடைக்கிற ஹைட்ரோ ஃப்ராக்சரிங் வண்டிய வரச்சொன்னோம். போர் குழிய நடுவுல அடைக்கிற பேக்கர உள்ள இறக்கி, அதுக்குக் கீழ தண்ணிய அழுத்தி அடிச்சாங்க. மீட்டர் முள்ளு ஏறிக்கிட்டே போய் சடக்குன்னு விழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல பக்கத்துத் தோட்டத்து போர்ல தண்ணி கலங்கிப்போச்சு. அந்தப் பெரியப்பன் போட்ட சத்தம் இருக்குதே!

ஆனா அதுவும் இதுவும் ஒண்ணில்ல. நமக்கு அடிச்சது வெறும் தண்ணி. கேஸ் கிணத்துல மணலும் ரசாயனமும் கலந்து, ஒரு கிலோமீட்டருக்கும் கீழ இருக்குற ஷேல் பாறையில அடிக்கிறாங்க. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2011-13 கிணறுகளப் பார்த்துச் சொன்ன நடுவளவு, ஒரு கிணத்துக்குச் சுமார் 57 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர்ல 470 நடைக்கு மேல.

சண்டை போடுறவங்க எல்லாம் உள்ள போற ரசாயனத்தப் பத்தியே பேசறாங்க. எனக்குப் பயம் மேல திரும்பி வர்ற தண்ணிதான். பாறைக்குள்ள கிடந்த உப்பு அதோட ஏறி வரும். பென்சில்வேனியாப் பக்கம் அது கடல் தண்ணிய விடப் பல மடங்கு கரிப்பு. அமெரிக்காவுல மொத்தமாப் பார்த்தா பெரும்பாலும் அந்தத் தண்ணிய வேற ஆழக் கிணத்துல இறக்குறாங்க. ஓக்லஹோமாவுல 2016-ல 5.8 அளவுக்கு நிலம் ஆடுனது, பாறைய உடைச்சதால இல்ல, கழிவுத் தண்ணிய இறக்குனதாலதான்.

நொய்யல் கரையில தோட்டம் வெச்சிருக்குறவனுக்கு உப்பப் பத்திப் பாடம் எடுக்க வேண்டியதில்லைங்க. பருத்தித் துணியில சாயம் ஏற உப்பு போடணும். அது துணியோட திருப்பூர விட்டுப் போறதில்ல, தண்ணியோட நம்மகிட்ட வருது. பாசனத்துக்குன்னு 1992-ல கட்டுன ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாச்சு. 2011 ஜனவரியில ஐகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொன்ன பிறகுதான் கழிவுத் தண்ணிய சொட்டு வெளிய விடாத முறை ஒழுங்கா நடைமுறைக்கு வந்துச்சு. இப்பத் தண்ணி திரும்பக் கிடைக்குது. மிஞ்சுற கலப்பு உப்பு? சுத்திகரிப்பு நிலையத்துல மூட்டை மூட்டையா அடுக்கி வெச்சிருக்குறத நானே பார்த்திருக்கேன்.

கேஸே கெட்டதுன்னு சொல்ல வரல. நிலக்கரிக்குப் பதிலா எரிச்சதுல அமெரிக்காவுல கரியமிலவாயு குறைஞ்சிருக்குது. மத்திய அரசோட கேஸ் கம்பெனி கெயில் 2018-லருந்து அங்கிருந்து கப்பல்ல வாங்குற கேஸ்ல ஷேல் கேஸும் கலந்துதான் இருக்கும். (2013-ல நம்ம ஏழு மாவட்டத்துல நடந்தது கெயில் கேஸ் குழாய தோட்டத்து வழியா பதிக்கக் கூடாதுங்கிற சண்டை. அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி நிறையப் பேர் பகிர்றாங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.) நம்ம கருங்கல்லுல கேஸும் கிடையாது, யாரும் தோண்ட வரப்போறதில்ல. டெல்டாவுல புதுசா ஷேல் கேஸ் எடுக்கக் கூடாதுன்னு 2020-ல சட்டம் போட்டாச்சு. சட்டத்துல திருத்தம் வர எத்தன நாளாகும்? அப்படி வந்தா கம்பெனிக்காரங்ககிட்ட டெல்டாக்காரங்க மொதல்ல கேக்க வேண்டியது உப்பு எங்க போகும்னுதான்.

இதத்தான் மச்சான்கிட்டயும் கேட்டேன். டீய உறிஞ்சிக்கிட்டு, "உன்ற போர்ல தண்ணி இப்ப எப்படியிருக்குது?"ன்னாரு.

இருக்குது. டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பு) 2,400.