பத்து கிலோமீட்டருக்குள் எங்கள் ஊரில் என்ன இருந்தது?

மார்ச் மாதம் வந்தாலே கோலாலம்பூரில் இருக்கும் நண்பர்கள் எம்சிஓ எனும் கொரோனா ஊரடங்குக் காலத்துப் படங்களைத் தேடி எடுத்துப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். டால்கோனா காப்பி, மாடியில் வளர்த்த கொத்தமல்லி, ஆளில்லாத நெடுஞ்சாலை. "அந்த அமைதி இனி வருமா" என்று ஒரு தோழி எழுதியிருந்தாள். அவள் அனுபவம் அவளுக்கு. எனக்கு அந்தப் படங்களைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது ஒரு பச்சை நிற ரப்பர் பேண்டு. ஏழு ஏடிஎம் அட்டைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த ரப்பர் பேண்டு. அதைப் பற்றி இந்த வருடமாவது எழுதிவிட வேண்டும்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். ஒரே சாலை, இரண்டு வரிசைக் கடைகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, அப்புறம் நான்கு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம். அம்மா முப்பது வருடம் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு பாதிப் பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். தம்பி ஆலையில் வேலை செய்வதால் அம்மா இன்னும் தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டில்தான் இருக்கிறார். நான் மூன்று கிலோமீட்டர் தள்ளி தாமானில் (குடியிருப்புப் பகுதியில்).

2020 மார்ச் 16-ஆம் தேதி இரவு பிரதமர் முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் பேசினார். 18-ஆம் தேதியிலிருந்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, அதுதான் எம்சிஓ. முதலில் மார்ச் 31 வரை என்றார்கள், அப்புறம் இரண்டு இரண்டு வாரமாக நீண்டுகொண்டே போனது. தினமும் சாயங்காலம் அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் வந்து நோயாளிகள் எண்ணிக்கை சொல்வார், அம்மா டிவிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஏப்ரல் 1 முதல் விதிகள் இன்னும் இறுகின. வீட்டுக்கு ஓர் ஆள்தான் வெளியே வரலாம். கடைகள் காலை 8 முதல் இரவு 8 வரை. சாமான் வாங்கப் பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் போய் வர வேண்டும். மீறினால் 1,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம்.

நோய் அப்படி இருந்தது, கட்டுப்பாடு தேவைதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பத்து கிலோமீட்டர் என்று சொன்ன அன்றுதான் எங்கள் ஊரைச் சுற்றி நான் முதன்முதலாக மனதுக்குள் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். அந்த வட்டத்துக்குள் கோயில் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது. மூன்று மளிகைக் கடை, ஒரே ஓர் ஏடிஎம். ஆஸ்பத்திரி இல்லை. மருந்துக் கடை இல்லை. பேங்க் கவுன்டர் இல்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓடிக்கொண்டிருந்த பஸ் பல வருடத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தது.

பத்து கிலோமீட்டருக்குள் கிடைக்காவிட்டால் அடுத்து எது பக்கமோ அங்கே போகலாம் என்று விதியிலேயே இடம் இருந்தது உண்மை. ஆனால் அதைச் சாலைத் தடுப்பில் நின்று மலாய் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். எழுபது வயதில் மோட்டாரில் போகிற ஒரு தாத்தாவால் அது முடியுமா? எங்கள் லயத்தில் நான்கு பேர் பயந்துகொண்டு பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டார்கள். அதை எனக்குச் சொன்னதே மே மாதம்தான்.

அம்மாவுக்கு இன்சுலின். ஆஸ்பத்திரி மருந்தகங்களில் தபாலில் மருந்து அனுப்பும் வசதி உண்டு, அந்தச் சமயத்தில் அதைப் பயன்படுத்தச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு. அம்மாவின் மாத்திரைகளுக்குப் பதியலாம் என்று படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். முகவரி என்று வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. எல்லாருக்கும் தோட்டத்துப் பெயர்தான், கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து சேரும், கிராணி (குமாஸ்தா) பிரித்துக் கொடுப்பார். ஆபிசோ அப்போது பாதி நாள் பூட்டிக் கிடந்தது. ஐம்பது வருடமாக ஒரே இடத்தில் வாழ்கிற என் அம்மாவுக்கு ஒரு மாத்திரைப் பொட்டலம் வந்து சேர முகவரி இல்லை என்பது அன்று வரை எனக்கே உறைக்கவில்லை.

சரி, நேரில்தான் போக வேண்டும். நான் தெலுக் இந்தான் போகிறேன் என்று தெரிந்ததும் அன்று சாயங்காலமே அம்மா வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். குடும்பத்தின் மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள் இருந்தால் 1,600 வெள்ளி என்று மார்ச் 27-ஆம் தேதி அரசு அறிவித்த பிரிஹாத்தின் உதவித்தொகையின் முதல் பங்கு ஏப்ரலில் கணக்கில் விழுந்திருந்தது. ஆனால் ஊரிலிருந்த அந்த ஒற்றை ஏடிஎம் நான்கு நாளாகப் பணமில்லாமல் கிடந்தது. அதற்கு முன்னால் தரையில் மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள், இடைவெளி விட்டு நிற்பதற்கு. வட்டத்தில் நிற்க ஆள் இருந்தது, இயந்திரத்தில் காசு இல்லை. வேன் வைத்து ஊர்ச் சனத்தை ஏற்றிப் போய் வருகிற அண்ணனும் அப்போது வண்டியை எடுக்க முடியாது.

ஏழு பேர் அட்டையைக் கொடுத்தார்கள். ரகசிய எண்ணையும் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பெரியம்மா தாளில் எழுதத் தெரியாமல் என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார். யாரிடமும் கொடுக்கக்கூடாதது அது. அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு வழி இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா?

மறுநாள் சாலைத் தடுப்பில் இளம் போலீஸ்காரர் ஒருவர் என் காடியை (காரை) நிறுத்தினார். ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டினேன். பக்கத்து இருக்கையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டி அது என்ன என்று கேட்டார். திறந்தேன். பச்சை ரப்பர் பேண்டு, ஏழு அட்டை, ஏழு தாள். எனக்குக் கை நடுங்கியது. திருடி என்று நினைத்தால் என்ன சொல்வேன்? "தோட்டத்து வயசானவங்களோடது" என்று மலாயில் சொன்னேன். ஒவ்வொரு அட்டையிலும் இருந்த பெயரை மெதுவாக வாய்விட்டுப் படித்தார். அப்புறம் டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகப் போங்கள் அக்கா என்றார். அந்தத் தம்பி இன்று எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இதை எல்லாம் சொன்னால், "பாருங்கள், தோட்ட மக்களின் ஒற்றுமையே ஒற்றுமை" என்று பலர் பாராட்டுகிறார்கள். பாராட்டு எனக்கு ஒட்டவில்லை. ஒற்றுமை இருந்தது, மறுக்கவில்லை. சீனர் கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், மூன்று மாதம் யாரிடமும் காசு கேட்கவில்லை. அவர் கல்லாவுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 555 புத்தகம், அதாவது கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு, ஆணியில் தொங்கும். "எழுதிக்கலாம் அக்கா, நீங்க எங்க போயிடப் போறீங்க, நான் எங்க போயிடப் போறேன்" என்று நம்மைவிட நல்ல தமிழில் சொல்லி அரிசி, பருப்பு, கேஸ் தோம்பு (சிலிண்டர்) எல்லாம் மகனிடம் மோட்டாரில் கொடுத்து அனுப்பினார். 2021 ஜூலையில் நாடு முழுக்க உதவி கேட்டு வீடுகளில் வெள்ளைக் கொடி ஏற்றியபோது எங்கள் லயத்தில் ஒரு கொடி கூட ஏறாததற்கு அவர்தான் காரணம். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வாரம் ஒரு முறை பாடத் தாள்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டு வேலியில் மாட்டிவிட்டுப் போவார். பையின் மேல் பிள்ளையின் பெயர், உள்ளே தாளோடு இரண்டு பென்சில். லயத்தில் போன் லைன் கிடைக்கும் இடம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் இவர்கள் தாங்கிப் பிடித்தது எதை? ஏற்கெனவே எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதைத்தானே. கிருமி வருவதற்கு வெகுநாள் முன்பே தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் போய்விட்டார், பஸ் போய்விட்டது. ஆள் குறைந்துவிட்டது, எல்லாரிடமும் காடி இருக்கிறது என்றார்கள். எம்சிஓ வந்து எதையும் மூடவில்லை. என்னென்ன மூடிக் கிடக்கிறது என்று காட்டியது, அவ்வளவுதான்.

அம்மாவின் அடுத்த வீட்டுப் பாட்டிக்கு அப்போது 82 வயது. 1948-இல் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் அறிவித்தபோது அவருக்குப் பத்து வயது. "அப்பவும் வெளியே போகாதேன்னுதான் சொன்னாங்க. முள்ளுக்கம்பி போட்டு கேட்டைப் பூட்டிடுவான். ஆனா டிரெசர் கம்பிக்கு உள்ளதானே இருந்தாரு. புள்ள பொறக்கிற வீட்டுக்கு ராத்திரி விளக்கோட வருவாரு" என்றார். அந்தக் காலத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கம்பிக்குள் என்னென்ன கொடுமை நடந்தது என்று அதே பாட்டி கதை கதையாகச் சொல்வார். ஆனால் துப்பாக்கிக்குப் பயந்த காலத்தில் லயத்துக்குள் இருந்த மருந்துப் பெட்டி, கையில் செல்போன் இருக்கும் காலத்தில் இல்லாமல் போனது எப்படி? தோட்டத்தில் வேலை செய்வோருக்கு வீடு, மருத்துவ வசதி, குழந்தைக் காப்பகம் எல்லாம் முதலாளி கொடுக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. வேலையை விட்டு நின்ற வயதானவர்கள் இன்று அரசுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

அதே நாட்களில் செம்பனைக் குலை ஒரு நாள் கூடத் தாமதமாகவில்லை. உணவுத் தொழில் என்று அனுமதி இருந்தது. காலையில் முகக்கவசத்தோடு பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), உடம்புச் சூடு பார்த்த பிறகு வேலை. வெட்டிய குலையை உடனே ஆலைக்கு ஏற்றாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும் என்பதால் லாரிக்கு எந்தத் தடுப்பிலும் வழி கிடைத்தது. தம்பி ஒரு நாள் கூட லீவு எடுக்கவில்லை. குலை கெடாமல் போய்ச் சேர வழி செய்தவர்களால், மாதம் ஒரு முறை இன்சுலின் வந்து சேர வழி செய்ய முடியாதா?

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. லயத்து வீடுகளுக்கு நம்பர் போட்டுத் தனி முகவரி கொடுக்க வேண்டும். மாதம் இரண்டு நாள் கோயில் மண்டபத்துக்கு நடமாடும் கிளினிக் வர வேண்டும். உதவித்தொகை போடுகிற வாரத்திலாவது அந்த ஏடிஎம்மில் பணம் இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்.

இதை மனுவாக எழுதி சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுக்கப் போகிறோம். நேற்று வரை 64 கையெழுத்து சேர்ந்திருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை வாங்கி வைத்திருக்கிறோம். தாள் தவுக்கே கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில், 555 புத்தகங்கள் தொங்கும் ஆணிக்குக் கீழே இருக்கிறது. ஊரை விட்டுப் போனவர்களும் அப்பா அம்மாவைப் பார்க்க வரும்போது ஒரு கையெழுத்து போட்டுவிட்டுப் போங்கள். கடை இரவு 8 மணி வரை திறந்திருக்கும்.