இருட்டு மட்டும் போதாது

பழைய விண்வெளி டிவி தொடர்களைப் புதிதாக எடுப்பதென்றால் இனி இருண்ட பாணியில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன். எனக்கும் சம்மதம்தான். ஆனால் ரத்தமும் மங்கிய வெளிச்சமும் இருந்தால் மட்டும் யதார்த்தம் வந்துவிடாது. 1978-இல் வந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வை 2004-இல் புதிய தொடராக எடுத்தார்களே, அதன் முதல் எபிசோடைப் பாருங்கள். மனித குலத்தைக் கிட்டத்தட்ட அழித்துவிட்ட சைலான் என்ற இயந்திரப் படை, கப்பல்களில் தப்பி ஓடும் மிச்சப் பேரைத் துரத்திக்கொண்டு 33 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும். ஐந்து நாளுக்கும் மேலாக யாருக்கும் தூக்கமில்லை. சிவந்த கண்கள், ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழும் ஆட்கள். மிச்சமிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கையை அதிபர் ஒரு வெள்ளைப் பலகையில் அழித்து அழித்து எழுதுவார், குறைந்துகொண்டே போகும். கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வரும். ஒன்றைக் கூட்டி எழுதுவார். அந்த இடத்தில் அழுதுவிட்டேன். இன்றைக்குப் பார்த்தாலும் அப்படித்தான்.