பின்வரிசையில் ஒரு சக விரிவுரையாளர்

புதிதாக வரும் விரிவுரையாளர்களுக்கு நம் பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் பயிற்சி நெறி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு அவருடைய விரிவுரையை யார் போய்ப் பார்க்கிறார்கள்? பயிற்சி அறையில் கற்றது மண்டபத்துக்குள் வந்து சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் வைத்திருக்கிறோம். பேராதனையிலும் பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலும் படிக்கும் மலையகப் பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறேன்.

"எல்லாருக்கும் விளங்குதா?" விரிவுரையாளர் கேட்கிறார். ஒரு சத்தமும் இல்லை. அடுத்த ஸ்லைடு வந்துவிடுகிறது. அட்டனிலோ பண்டாரவளையிலோ தமிழ் மொழிமூலம் உயர்தரம் செய்த பிள்ளை ஆங்கிலக் கேள்வியை உள்வாங்கி, தமிழில் யோசித்து, பதிலை மறுபடி ஆங்கிலத்தில் கோர்க்க வேண்டும். கேள்விக்குப் பிறகு ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பல வருடங்களுக்கு முன்பே காட்டினார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளும், பேசாதவர்களும் பேசுவார்கள் என்றார். நம் மண்டபங்களுக்கு மூன்று விநாடியும் காணாது. ஒன்றரை நிமிடம் கொடுங்கள், பதிலை எழுதச் சொல்லுங்கள்.

கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். புள்ளிவிபரவியல் வகுப்பு என்று வையுங்கள். ஐந்து பேர் பறித்த கொழுந்து 16, 17, 18, 19, 40 கிலோ. தராசில் பிழை, 40 என்பது உண்மையில் 30. இடை (சராசரி) மாறுமா, இடையம் (வரிசையின் நடுவிலுள்ள எண்) மாறுமா, இரண்டுமா? இடை 22இலிருந்து 20க்கு இறங்கும். இடையம் 18இலேயே நிற்கும். வரைவிலக்கணத்தைப் பாடமாக்கியவர் இங்கே தடுமாறுவார், அது உடனே தெரிந்துவிடும். முதலில் தனியாக எழுதட்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சருகே ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டி விடை சொல்லட்டும். கருவி எதுவும் தேவையில்லை. சரியான விடை 30 வீதத்துக்குக் குறைவென்றால் திரும்ப விளக்குங்கள். 70 வீதத்தைத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். இடைப்பட்டதென்றால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாட விட்டு, மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ பேசட்டும், தடுக்காதீர்கள். பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1991இல் தொடங்கிய முறை இது.

இது கெட்டுப்போவது இரண்டு இடத்தில். தனியாக எழுதும் கட்டத்தை விட்டுவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதை மற்றவர்கள் அப்படியே ஒப்புவிப்பார்கள். விரல்களைப் பார்த்ததும் விரிவுரையாளர் விடையைச் சொல்லிவிட்டால் வாதாட எதுவும் மிஞ்சாது.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: விஞ்ஞானம், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சித்தியடையாதோர் சுமார் 34 வீதம். வகுப்பில் தாமே செய்து கற்றவர்களில் அது 22 வீதம்.

இந்தப் பழக்கம் நிலைக்கத்தான் பின்வரிசையில் ஒரு சக விரிவுரையாளர் வேண்டும். வகுப்புக்கு முந்தைய நாள் இருவரும் பதினைந்து நிமிடம் பேசி, எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வகுப்பு எடுப்பவரே சொல்லட்டும். மண்டபத்தில், வந்தவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். விரிவுரையாளரின் குரல், ஸ்லைடின் நிறம் எல்லாம் அவர் வேலை அல்ல. இரண்டு நாளைக்குள் இருவரும் உட்கார வேண்டும். வகுப்பு எடுத்தவர் முதலில் பேசட்டும். ஒரேயொரு மாற்றத்தை முடிவு செய்துகொண்டு, மூன்று வாரத்தில் மறுபடி பார்க்கலாம். நான்கைந்து குறையை ஒரேயடியாக நீட்டினால் ஒன்றும் மாறாது.

அந்தக் குறிப்பு வகுப்பு எடுத்தவருக்கே சொந்தம். துறைத் தலைவரின் மேசைக்கோ பதவி உயர்வுக் கோப்புக்கோ போகக்கூடாது. போனால் அன்றைக்கு மட்டும் ஒரு நல்ல வகுப்பு நடக்கும், அவ்வளவுதான். ஜோடிகளை வேறு வேறு துறைகளிலிருந்து போடுவது நல்லது. பாடம் தெரியாதவர் பிள்ளைகளைத்தான் பார்ப்பார், சீனியர் ஜூனியர் தயக்கமும் குறையும்.

செமஸ்டர் முடிவில் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தால் அந்தப் பேட்சுக்குப் பயனில்லை. ஆறாம் வாரத்தில், பெயரில்லாத அரைத்தாளில், எது உதவுகிறது, எது தடுக்கிறது என்று விரும்பிய மொழியில் எழுதக் கேளுங்கள். அடுத்த வகுப்பிலேயே எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற முடியாது, ஏன் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த தடவை வெறும் தாள்தான் வரும்.

பீடங்களிடம் பெரிய நிதி கேட்கவில்லை. சக விரிவுரையாளரோடு நடக்கும் இரண்டு சந்திப்புகளுக்கும் அவர் வகுப்பை வந்து பார்ப்பதற்கும் நேர அட்டவணையில் இடம் ஒதுக்கி, அதைக் கற்பித்தல் சுமையில் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறேன்.