சிலந்திப் பட்டு: ஜீன் கிடைத்துவிட்டது, நூற்கத்தான் ஆள் இல்லை

"ஆட்டுப் பாலிலிருந்து குண்டு துளைக்காத சட்டை!" இந்த வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. பாளையங்கோட்டையில் பயோடெக் படிக்கிற பிள்ளைகளே இதை ஃபார்வர்டு பண்ணுகிறார்கள். மனசு கேட்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஆடு விஷயம் பொய்யில்லை. கனடாவின் நெக்சியா என்ற நிறுவனம் சிலந்தியின் ஜீனை ஆட்டில் வைத்து, பட்டுப் புரதத்தைப் பாலில் வரவழைத்தது. ஆனால் அந்தப் புரதத்திலிருந்து சிலந்தி நூலுக்கு ஈடான நூலை அவர்களால் எடுக்க முடியவில்லை. 2009இல் நிறுவனம் திவால். ஃபார்வர்டில் இந்த வரி மட்டும் எப்போதும் இருப்பதில்லை.

எங்கே இடித்தது? பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் காட்டுப் பாதையில் மழை முடிந்த நாட்களில் பெரிய மரச்சிலந்தியைப் பார்க்கலாம். கால்களை விரித்தால் உள்ளங்கை அகலம், வெயிலில் பொன்னாக மின்னும் வலை. கொஞ்ச நேரம் பொறுமையாக நின்று பாருங்கள். வயிற்றின் நுனியிலிருந்து வரும் இழையைப் பின்னங்காலால் பிடித்து இழுத்து இழுத்து ஒட்டும். இடியாப்பம் போல ஊசித்துளை வழியாகப் பிழிந்தால் போதும் என்றுதான் ஆய்வகங்களில் வெகுகாலம் முயன்றார்கள். சிலந்தியோ பிழிவதில்லை, இழுக்கிறது. அதன் சுரப்பிக்குள் புரதம் கெட்டியான கரைசலாக, கட்டிதட்டாமல் காத்துக் கிடக்கிறது. குழாயில் நகர நகர பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) சுமார் 7.6இலிருந்து 5.7க்கு இறங்கும், அதாவது அமிலத்தன்மை கூடும், உப்புகள் மாறும், தண்ணீர் விலகும். இழுவிசையில், புரதத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் நிறைந்த பகுதிகள் அடுக்கடுக்காகப் படிந்து படிகமாகி வலு தருகின்றன. கிளைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் நிறைந்த பகுதிகள் நெகிழ்ந்து கொடுத்து நீள்கின்றன. இவ்வளவும் ஒரு மயிரிழைக் குழாயில், சாதாரண வெப்பத்தில், ரசாயனக் கழிவு எதுவும் இல்லாமல் நடக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதே இல்லை.

"எஃகைவிட ஐந்து மடங்கு வலு" என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். அது எடைக்கு எடை பார்க்கும் கணக்கு. இழுவை வலுவில், குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் கெவ்லார் என்ற செயற்கை இழை சிலந்தி நூலைவிட மேல். அறுந்து போவதற்குமுன் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கும் என்று கேட்டால்தான் சிலந்தி ஜெயிக்கும்.

சிலந்தியையே வளர்த்து நூல் எடுக்கலாமே என்றால், ஒன்றாக அடைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். 2012இல் லண்டனில் காட்சிக்கு வைத்த ஒரு பொன்னிற மேலங்கிக்காக மடகாஸ்கரில் சுமார் 12 லட்சம் சிலந்திகளைக் காட்டிலிருந்து பிடித்து நூல் எடுத்தார்கள். ஒரே ஒரு அங்கிக்கு!

இதையெல்லாம் வீரவநல்லூரில் தறி போட்டிருக்கும் என் பெரியப்பாவிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வலு, ஜீன், பாக்டீரியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்ல. தண்ணி பட்டா சுருங்குமா? அத மொதல்ல சொல்லு" என்றார். செயற்கையாகச் சிலந்தி நூல் செய்யப் புறப்பட்ட ஜப்பானின் ஸ்பைபர் நிறுவனம் மாட்டிக்கொண்ட இடமே இதுதான். 2015இல் அறிவித்த குளிர்கோட்டு விற்பனைக்கு வர 2019 ஆனது, அதுவும் 50 கோட்டு மட்டும். காரணம், சிலந்தி நூல் நனைந்தால் கடுமையாகச் சுருங்கும். புரதத்தின் அமைப்பையே மாற்றித்தான் கரையேறினார்கள். பெரிய ஆய்வகம் பல வருடம் போராடிய கேள்வி, நெசவாளிக்கு முதல் கேள்வி.

என் கருத்து இதுதான்: இந்தத் துறையில் ஜீன் தெரிந்தவர்கள் நிறைய, நூல் தெரிந்தவர்கள் குறைவு. நம் கல்லூரிகள் அந்தக் குறையை அப்படியே பாடமாக்கி வைத்திருக்கின்றன. பிள்ளைகள் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் ஜீன் ஏற்றுவதைத் தேர்வில் தப்பில்லாமல் எழுதுகிறார்கள். ஒரு இழை எத்தனை கிராம் தாங்கும் என்று தொங்கவிட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை.

நமக்குத் தோதான வழி பட்டுப்புழுதான். 2023இல் ஷாங்காயின் டோங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரிஸ்பர் என்ற ஜீன் திருத்தும் முறையில் பட்டுப்புழுவுக்குள் சிலந்தி ஜீனை வைத்து முழு நீளப் புரத நூலையே எடுத்தார்கள். ஆற்றலை உள்வாங்குவதில் அது கெவ்லாரைப் போல் ஆறு மடங்கு. நூற்கும் வேலையைப் புழுவே பார்த்துக்கொள்கிறது, தலையை எட்டுப் போல ஆட்டி ஆட்டி. தென்காசிப் பக்கம் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிறவர்கள் கையில் இருப்பதும் அதே புழு இனம்தான். அதே கொட்டகை, அதே தழை போதும்.

மரபணு மாற்றிய புழுவை வெளியே விட மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு தளரக் கூடாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் வளர்ப்புப் பட்டுப்பூச்சி பறக்காது, மனிதன் தழை போடாவிட்டால் பிழைக்காது. மரபணு மாற்றப் பயிர்களோடு ஒரே தட்டில் வைத்து இதைப் பேசுவது நியாயமில்லை.

திருநெல்வேலி வட்டாரக் கல்லூரிகளில் பயோடெக் துறை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு பிராஜெக்டில் ஒரு குழுவையாவது பட்டுப்புழுக் கொட்டகைக்கும் தறிக்கூடத்துக்கும் அனுப்புங்கள். சுரப்பியை அறுத்துப் பார்க்கட்டும், இழையின் வலுவை அளக்கட்டும், நனைத்துச் சுருக்கம் பார்க்கட்டும். வீரவநல்லூர் தறிக்கூடத்துக்கு நான் பேசித் தருகிறேன், இன்பாக்ஸில் வாருங்கள்.